தூண்டில் இல்லாம வா

சம்பா அறுத்து, நெல்லைக் காயவெச்சு, அரைச்சு முடிச்சதும் ரெண்டு மூட்டை அரிசியோட காலடிப்பேட்டைக்குப் போறது எனக்கு வருஷா வருஷம் நடக்கிற வழக்கம். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. மூட்டையைத் தெரிஞ்ச வண்டியில ஏத்திவிட்டுட்டு, நான் மீஞ்சூர்ல ரயில் ஏறி திருவொற்றியூர்ல இறங்கிடுவேன்.

பேரைக் கேட்டா ஏதோ சாமியோட காலடி பட்ட ஊர்னு நினைப்பீங்க. 1717ல இருந்து 1720 வரைக்கும் சென்னைப்பட்டணத்துக்கு கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளிங்களைக் கொண்டாந்து குடியேத்தின பேட்டை இது. காலெட் பேட்டைங்கிறது நம்ம வாயில புரண்டு காலடிப்பேட்டை ஆயிடுச்சு. நான் போக ஆரம்பிச்ச காலத்துல தெருவுக்கு ரெண்டு பேர் கம்பெனி சைக்கிள்ல வேலைக்குப் போவாங்க. இப்போ தலைக்கு மேல மெட்ரோ ரயில் ஓடுது, கீழ கன்டெய்னர் லாரி ஓடுது.

2025 தை மாசம் போனப்போ, அரிசி மூட்டையை இறக்கி வைக்கிறதுக்குள்ள அக்கா பையன் ஒரு நீளப் பையைத் தூக்கிட்டு வந்து முன்னால நின்னான். உள்ள தூண்டில் கழி. எட்டாயிரம் ரூபாயாம். சுத்துற ராட்டை, பிளாஸ்டிக் மீனு, பளபளன்னு முள்ளு, இதெல்லாம் தனிக் கணக்கு. கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் வேலை பார்க்கிற பையன். சம்பளத்துல பாதி இதுல போயிருக்குன்னு அக்கா அடுப்படியில இருந்தே சத்தம் போட்டாங்க.

"எட்டு வாரமா எண்ணூர் ஆத்துக்குப் போறேன் மாமா. ஒரு கெளுத்தி கூட மாட்டல. நீங்கதான் விரால் புடிக்கிறதுல பெரிய ஆளாச்சே. கொடுவா எங்க கிடைக்கும்னு சொல்லுங்க."

கொடுவா தெரியாத ஆளுங்களுக்காக ஒரு வரி. வெள்ளி மாதிரி உடம்பு, பெரிய வாய், ராத்திரி வெளிச்சம் பட்டா கண்ணு நெருப்புத் துண்டு மாதிரி மின்னும். கல்கத்தாக்காரங்க பேட்கின்னு உயிரை விடுற மீன் இதுதான். கடலும் ஆறும் கலக்கிற இடத்துல வளரும். மாட்டினா தண்ணிக்கு மேல எகிறிக் குதிச்சுத் தலையை உதறும். தூண்டில்காரன் எவனுக்கும் ஒரு தடவையாவது புடிச்சுடணும்னு ஒரு வெறி இருக்கும்.

நான் ஏன் பெரிய ஆள்னு பேர் வாங்கினேன்னும் சொல்லிடறேன். எங்க தாத்தா வேட்டைக்காரர். அறுத்த வயல்ல வலை கட்டி முயல் அடிப்பார், கண்ணி வெச்சுக் கௌதாரி புடிப்பார். 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது ஊருக்குள்ள எட்டிப் பார்க்கக் கொஞ்ச வருஷம் ஆச்சு, ஆனா வந்துடுச்சு. அது நல்லதுக்குத்தான், இல்லாட்டி இன்னிக்கு எங்க வரப்புல கௌதாரிச் சத்தமே இருந்திருக்காது. ஆனா ரத்தத்துல ஊறினது எங்க போகும்? எனக்கு மிஞ்சினது ஏரியும் விராலும்தான். தவளைக்குஞ்சை முள்ளுல மாட்டி, தாமரை இலை ஓரமா தட்டித் தட்டி இழுத்தா, 'லபக்'னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் கஞ்சி குடிக்காம ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கேன்.

அதனால அக்கா பையன் கேட்டதும் "இதுல என்னடா இருக்கு, நாளைக்கே போலாம் வா"ன்னு சொல்லிட்டேன். உப்புத் தண்ணியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிறது அப்போ எனக்கு உறைக்கல.

தை அமாவாசைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு பைக்ல கிளம்பினோம். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்னு போய் ஆத்தோரமா வண்டியை நிறுத்தினோம். கொசஸ்தலையாறு கடல்ல சேர்ற இடம் அது. ஊர்ல இருந்து ரயில்ல வர்றப்போ, அத்திப்பட்டு புதுநகர் தாண்டினதும் பாலத்துல இருந்து நான் நூறு தடவை பார்த்த தண்ணிதான். ரயில்ல இருந்து பார்த்தா அழகா இருக்கும். அகலமான தண்ணி, அந்தப் பக்கம் புகைபோக்கிங்க, நடுவுல ரெண்டு படகு. பக்கத்துல போய் நின்னா வேற மாதிரி இருந்துச்சு.

தண்ணி வத்திப்போய்க் கிடந்தது. கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு பெரிய சாம்பல் நிறத் திடல். மேல வெடிச்சுக் காஞ்ச மாதிரி தெரிஞ்சது. எங்க ஏரி வத்தினாலும் இப்படித்தான் இருக்கும், நான் நடந்து போயிடுவேன். "நீ இங்கயே இரு, நான் போய் ஆழம் பார்த்துட்டு வரேன்"னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினேன்.

இருபது அடி நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம் வலது கால் முட்டி வரைக்கும் இறங்கிடுச்சு. அதை எடுக்கறதுக்கு இடது காலை ஊன்றினேன், அது தொடை வரைக்கும் போச்சு. சேத்துல மாட்டின மாதிரி இல்ல. சேறு புடிச்சு இழுக்கும், விவசாயிக்கு அது பழகின சமாச்சாரம். இது மாவு மாதிரி. புடிக்கவே இல்ல, ஆனா விடவும் இல்ல. அசைய அசைய உள்ள போறேன். அக்கா பையன் கரையில இருந்து "மாமா, மாமா"ன்னு கத்திக்கிட்டு இறங்கப் பார்த்தான். "இறங்காதடா"ன்னு நானும் கத்தினேன். அப்போதான் கவனிச்சேன், தூரத்துல இருந்த தண்ணி விளிம்பு இப்போ கிட்ட வந்துக்கிட்டு இருந்தது. ஏத்தம் ஆரம்பிச்சிருச்சு.

அம்பத்து மூணு வயசுல, ரெண்டு ஏக்கர் நவரை நடவு பாக்கி இருக்கிறப்போ, தூண்டில் போட வந்த இடத்துல இப்படியா முடியணும்னு எனக்கு ஒரு நினைப்பு ஓடிச்சு. சிரிப்பா சொல்றேன், அப்போ சிரிப்பு வரல.

"படு! மல்லாக்கப் படு! இன்னா வேடிக்கை பார்த்துகினு நிக்கிற, படுய்யா!"

குரல் தண்ணிப் பக்கத்துல இருந்து வந்தது. சின்ன ஃபைபர் படகுல ஒரு பெரியவர். எழுபது வயசு இருக்கும். நான் மல்லாக்கச் சாஞ்சேன். முதுகு அகலமா பட்டதும் இறங்கறது நின்னுடுச்சு. "காலை இஸ்துக்காத. ஒரு காலை மட்டும் மெதுவா ஆட்டிகினே மேல கொண்டா. சைக்கிள் மிதிக்கிற மாதிரி." படகுல இருந்து ஒரு நீளக் கழியைக் குறுக்கால போட்டார். அதைப் புடிச்சு, புழு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு, பதினஞ்சு நிமிஷத்துல படகு விளிம்புக்கு வந்து சேர்ந்தேன். வேட்டி உள்ளயே போயிடுச்சு. கால் சட்டையோட, உடம்பு பூரா சாம்பல் பூசிக்கிட்டு, அக்கா பையன் முன்னால அவ்வளவு பெரிய ஆள் கரை ஏறினேன்.

பெரியவர் ஒரு பழைய லுங்கியைத் தூக்கிப் போட்டார். ரோட்டோர டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனோம், டீ வாங்கிக் கொடுத்தோம். "அது சேறு இல்லபா. அனல்மின் நிலையத்துச் சாம்பல். குழாய் உடைஞ்சி உடைஞ்சி வருஷக்கணக்குல ஆத்துல படிஞ்சது. மேல காஞ்சி கீது, உள்ள கூழு. இங்க பொறந்தவனே அதுல கால் வெக்க மாட்டான்."

அக்கா பையனுக்கு அப்பவும் கொடுவா ஞாபகம்தான். "தாத்தா, கொடுவா எந்த இடத்துல நல்லா கிடைக்கும்?"

பெரியவர் அவனையும் அந்த எட்டாயிரம் ரூபாய்க் கழியையும் ஒரு பார்வை பார்த்தார். இடம் சொல்லல. கேள்வி கேட்டார்.

"அமாவாசை என்னிக்கு?"

அவனுக்குத் தெரியல.

"இப்ப காத்து எங்கேருந்து வருது?"

முழிச்சான்.

"காலைல நீ வந்தப்ப தண்ணி ஏறிகினு இருந்துச்சா, எறங்கிகினு இருந்துச்சா?"

"கவனிக்கல தாத்தா."

"அப்ப இடம் சொல்லி இன்னா பிரயோஜனம் கண்ணு? ஒரு வாரம் வா. தூண்டில் இல்லாம வா. கையில கழி இருந்தா உன் கண்ணு கழியில இருக்கும், தண்ணியில இருக்காது."

நான் வெட்கத்துல டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இதையேதான் நான் எங்க ஊருக்கு நிலம் வாங்க வர்ற பட்டணத்துக்காரங்ககிட்ட சொல்லுவேன். ஒரு மழைக்காலம் சும்மா வந்து பாருங்க, தண்ணி எங்க நிக்குது, எங்க ஓடுதுன்னு பார்த்துட்டு அப்புறம் பத்திரம் போடுங்கன்னு. அடுத்தவன் இடத்துக்குப் போனப்போ எனக்கே அது மறந்துபோச்சு.

அன்னிக்கும் அதுக்கப்புறமும் அவர் கொஞ்சம் கொஞ்சமா சொன்னதை இங்க எழுதி வைக்கிறேன். இடத்தோட பேர் மட்டும் எழுத மாட்டேன். அது அவர் என்கிட்ட கேட்டுக்கிட்டது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் வத்தமும் பலமா இருக்கும். அஷ்டமி, நவமிப் பக்கம் தண்ணி சோம்பேறியா நிக்கும். கொடுவா துரத்திக்கிட்டு ஓடற மீன் இல்ல, காத்துக்கிட்டு நிக்கிற மீன். ஏத்தத்துல மடவைக் குஞ்சும் இறாலும் அலையாத்திச் செடி வேருக்குள்ளயும் சின்ன வாய்க்காலுக்குள்ளயும் மேயப் போகும். தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் அதெல்லாம் திரும்பி வெளிய வந்தாகணும். அந்த வாய்க்கால் வாயில, பாலத்துத் தூண் நிழல்ல, ஓட்டமும் நிதானமும் சேர்ற கோட்டுல கொடுவா நிக்கும். அதனால ஆத்து நடுவுல எவ்வளவு தூரம் வீசறோம்ங்கிறது ஒரு பெருமையே இல்ல. காலுக்குப் பக்கத்துலயே இருக்கும்.

விடியறதுக்கு முன்னயும் பொழுது சாயறப்பவும்தான் அதுக்கு நேரம். உயிரோட இருக்கிற இறால் இல்லாட்டி மடவைக் குஞ்சுதான் இரை. அதோட செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், தலையை உதறினா மெல்லிசு நரம்பு அறுந்துடும். முள்ளுக்கு மேல ஒரு முழம் தடிச்ச நரம்பு கட்டணும். தண்ணியில நடந்தா காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கணும், திருக்கை இருந்தா விலகிப் போயிடும். மிதிச்சா வாலு முள்ளு ஏறிடும். செருப்பு இல்லாம இறங்கினா ஆழி ஓடு காலைக் கிழிச்சிடும்.

அப்புறம் முக்கியமான ஒண்ணு. வலை கட்டியிருக்கிற இடத்துல தூண்டில் போடக் கூடாது. பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல எவன் என்னிக்கு வலை கட்டலாம்னு ஊர் கூடி முறை வெச்சுக்குவாங்க. எண்ணூர்லயும் ஊருக்கு ஊர் கட்டுப்பாடு இருக்கு. "நீ ஆசைக்கு வர்ற. நாங்க அரிசிக்கு வர்றோம். கேட்டுட்டு வந்தா யாரும் வேணாம்னு சொல்லப் போறதில்ல."

அக்கா பையன் இதையெல்லாம் செல்போன்ல குறிச்சுக்கிட்டான். "அப்போ இதெல்லாம் சரியா செஞ்சா கிடைக்கும்ல தாத்தா?"

பெரியவர் சிரிச்சார். "எங்க அப்பன் காலத்துல கிடைச்சிருக்கும்."

அப்புறம் அவர் சொன்னது மீன் புடிக்கிற யோசனை இல்ல, அந்தத் தண்ணியோட கதை. 1970ல எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1994ல வடசென்னை அனல்மின் நிலையம். 2001ல துறைமுகம். உப்பளம் இருந்த இடத்துல நிலக்கரி மேடு வந்துச்சு. கொதிநீர் வந்து விழற பக்கம் மீன்குஞ்சு தங்கறதில்ல. சாம்பல் படிஞ்சு, அவங்க அப்பா கழி எட்டாதுன்னு சொன்ன இடத்துல இப்போ இடுப்பளவு தண்ணி. எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல மூடிட்டாங்க, சாம்பல் மூடின ஆழம் திரும்பி வரல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து ஆத்தை மூடினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டிவில கூழைக்கடாங்க கறுப்பா நின்னதைப் பார்த்திருப்பீங்க. மீனவங்களே படகுல போய், பக்கெட்டால மொண்டு மொண்டு எண்ணெயை எடுத்தாங்க. இவரும் மொண்டிருக்கார். "வலை, படகு, கை, சோறு எல்லாத்துலயும் எண்ணெய். அதுக்கப்பால ரொம்ப நாளு 'எண்ணூர் மீனா'ன்னு கேட்டுட்டுக் கூடையைத் தள்ளிட்டுப் போய்ட்டாங்க. என் பொண்டாட்டி மார்க்கெட்ல உக்காந்து அழுதுட்டு வந்தா."

இப்போ புதுசா ஒண்ணு. காக்கா ஆழின்னு ஒரு சிப்பி. நம்ம ஊர்ச் சிப்பியே இல்ல, தென்னமெரிக்கப் பக்கத்து இனம். ஆத்துத் தரையில பாய் விரிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டுப் பரவுது. இறால் பதுங்க மண்ணு கிடைக்கல. பொம்பளைங்க தண்ணிக்குள்ள உக்காந்து, பல்லுல கூடையைக் கடிச்சுக்கிட்டு, கையால தடவித் தடவி இறால் எடுப்பாங்க. இப்போ தடவினா கையைக் கிழிக்குது. மஞ்ச மட்டி இருந்த இடமெல்லாம் அதுதான்.

அப்போ என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா தொழில்பா?"

"விவசாயம்ணே. மீஞ்சூருக்கு மேற்கால, கொசஸ்தலையாத்தங்கரை."

"ஓ, மேல்தண்ணிக்காரன்." கொஞ்ச நேரம் டீயைக் குடிச்சார். "வயல்ல நண்டு வந்தா இன்னா பண்ணுவ?"

வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணியைக் கசிய விடற வயல் நண்டு எங்களுக்குப் பெரிய தொல்லை. குருணை மருந்து வாங்கி வளையில போடுவோம். அதைத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

"நான் நண்டு புடிச்சித்தான் ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்" அப்படின்னார். கோவமா சொல்லல. சும்மா ஒரு கணக்கு மாதிரிதான் சொன்னார். "மொதல் மழை வெள்ளம் வரும்ல, அதுல உங்க வயல் தண்ணி எல்லாம் சேர்ந்து இங்கதான் வரும். அந்த ரெண்டு நாளு கரையோரம் குஞ்சுங்க மெதக்கும். கம்பெனிக்காரன்னு எல்லாரும் சொல்லுவோம். கம்பெனிக்காரன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல உன்னுதும் கொஞ்சம் கீது."

எனக்குப் பதில் வரல. நம்ம பக்க நியாயம் இல்லாம இல்ல. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடித் தண்ணியை வருஷக்கணக்குல பட்டணத்துக்கும் கம்பெனிக்கும் உறிஞ்சி உறிஞ்சி, கடல் தண்ணி உள்ள ஏறிடுச்சு. எங்க அப்பா வெட்டின கிணறு எங்க கண்ணு முன்னாலேயே உவர் ஆச்சு. நாங்களும் ஏமாந்தவங்கதான்னு இத்தனை வருஷமா பேசிக்கிட்டு இருக்கேன், இங்கயும் எழுதியிருக்கேன். கடல் என் கிணத்துக்கு வந்ததுதான் எனக்குத் தெரியும். என் வயல் அவர் ஆத்துக்குப் போனது எனக்குத் தோணவே இல்ல. பூண்டியில திறந்துவிடற தண்ணி எங்க ஊரைத் தாண்டிப் போயிடுச்சுன்னா, அது 'வீணா கடலுக்குப் போச்சு'ன்னு நாங்க சொல்லுவோம். அது போற வழியில ஒருத்தர் படகு கட்டி உக்காந்திருக்கார்.

அக்கா பையன் விஷயத்துக்கு வரேன். அவன் விடற ஆள் இல்ல. ஒரு வாரம் இல்ல, அஞ்சு வாரம் தூண்டில் இல்லாம போனான். ஷிப்ட் முடிஞ்சு விடியக்காலம் நேரா ஆத்துக்குப் போயிடுவான். பெரியவர் படகுல வலை இழுத்துக் கொடுப்பான், காக்கா ஆழியைச் சுரண்டி எடுப்பான். எனக்கு ராத்திரியில போன் பண்ணி "மாமா, இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் ஏத்தம், அப்புறம் அரை மணி நேரம் சும்மா நின்னுச்சு, அப்புறம்தான் திரும்பிச்சு"ன்னு சொல்லுவான். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற சமயத்துல இவன் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கான்னு அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பங்குனியில ஒரு நாள் போன். "மாட்டிடுச்சு மாமா!" காலுக்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்கு, பெரியவர் சொன்ன மாதிரியே, தண்ணி இறங்கற நேரத்துல. ஒண்ணரைக் கிலோ. மூணு தடவை எகிறிக் குதிச்சுதாம். கை நடுக்கத்துல அவனுக்குப் பேச்சே வரல.

பெரியவர் மீனைத் தூக்கிப் பார்த்துட்டு "இது ஆம்பள, எடுத்துக்கோ"ன்னாராம். கொடுவா பொறந்து வளர்றப்போ ஆணாத்தான் இருக்கும், சில வருஷம் போய் நல்லா பெருத்தப்புறம்தான் பொண்ணா மாறும். இது கதை இல்ல, மீன் ஆராய்ச்சிக்காரங்களே சொல்றது. நம்ம சென்னையில இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997லேயே கொடுவாவைத் தொட்டியில வெச்சு முட்டையிட வெச்சிருக்கு. ஆக, எல்லாரும் போட்டோ எடுத்துக்க ஆசைப்படற அந்தப் பத்துக் கிலோ கொடுவா இருக்கே, அது தாய். "பெருசு மாட்டினா விட்டுடு கண்ணு. இந்த ஆத்துல இன்னும் எத்தினி தாய் மிச்சம் கீதோ"ன்னு பெரியவர் முன்னாலேயே சொல்லி வெச்சிருந்தார்.

அன்னிக்குச் சாயங்காலமே நான் ரயில் ஏறிட்டேன். அக்கா வீட்டு முற்றத்துல முறத்து மேல மீன் கிடந்தது. அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்தாங்க, மோந்து பார்த்தாங்க, வயித்தைக் கீறி மறுபடியும் மோந்து பார்த்தாங்க. எண்ணெய் வாடை தேடுறாங்கன்னு புரிஞ்சது.

"இதைச் சாப்பிடலாமாடா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்றது? அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு பரிசோதனை பண்ணிச் சொல்ல நான் யாரு. ஆனா ஒண்ணு நினைச்சேன். நான் கொண்டுவந்து இறக்கற அரிசியை அக்கா ஒரு நாளும் இப்படி மோந்து பார்த்ததில்ல. தம்பி வயல் அரிசின்னு கண்ணை மூடிக்கிட்டு வடிச்சுச் சாப்பிடறாங்க. நான் என்ன தெளிச்சேன், எத்தனை தடவை தெளிச்சேன்னு கேட்டதே இல்ல. கேட்டிருந்தா, அந்தப் பெரியவர் முன்னால உக்காந்த மாதிரிதான் அக்கா முன்னாலயும் உக்காந்திருக்கணும்.

அன்னிக்கு அது வாய்க்கு வரல. "அந்தப் பெரியவர் வீட்ல தினமும் இதைத்தானேக்கா சாப்பிடறாங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

அக்கா குழம்பு வெச்சாங்க. புளியும் மாங்காயும் போட்டு, மண்சட்டியில. தலையை எனக்கு வெச்சாங்க. நல்லா இருந்துச்சு. எண்ணெய் வாடை இல்ல. பாதியைத் தூக்குல போட்டு பையன் மறுநாள் பெரியவருக்குக் கொண்டுபோனான். அவர் வாழ்நாள்ல முதல் தடவையா கொடுவாக் குழம்பை அடுத்தவங்க வீட்ல இருந்து வாங்கிச் சாப்பிடறேன்னு சொல்லிச் சிரிச்சாராம்.

சித்திரையில சொர்ணவாரிக்கு உழவு ஓட்டினேன். இந்தத் தடவை வாய்க்காலை ஒட்டின முக்கால் ஏக்கர்ல நண்டு வளைக்குக் குருணை போடல. ராத்திரியில டார்ச் அடிச்சுக் கையால புடிச்சேன், வளையைக் களிமண்ணு வெச்சு அடைச்சேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வரப்பைச் சுத்தி வரணும். ரெண்டு இடத்துல உடைஞ்சு தண்ணி போச்சு. பக்கத்து நிலத்துக்காரர் "உனக்கு என்ன ஆச்சு, சாமியாராப் போறியா"ன்னு கேட்டார். மீதி நிலத்துல இன்னும் மருந்து போட்டுத்தான் பண்றேன். பொய் சொல்லக் கூடாது. கடன் இருக்கு, ஒரேயடியா விட்டுட எனக்குத் தைரியம் வரல. முக்கால் ஏக்கரால ஆறு சுத்தமாயிடாதுன்னும் தெரியும்.

புடிச்ச நண்டுல பெருசா ஒரு பத்தை மிளகு போட்டு ரசம் வெச்சோம்.

இதைப் படிச்சுட்டு உங்கள்ல யாராவது கழியைத் தூக்கிக்கிட்டு எண்ணூருக்குக் கிளம்பினா, சாம்பல் திடல்ல மட்டும் கால் வைக்காதீங்க. தரை காஞ்ச மாதிரிதான் தெரியும். முதல்ல குப்பத்துக்குள்ள போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்க. எந்த இடம்னு கேக்காதீங்க. அமாவாசை என்னிக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அவங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க.